பியேவ்ர் ஆற்றோடு நடப்பது எப்படி: ஊற்றிலிருந்து பாரிஸ் வரை

பாரிஸ் நகருக்குள் இரண்டு ஆறுகள் உண்டு. ஒன்று செய்ன். மற்றதன் பெயர் பியேவ்ர். பல வருடம் பாரிசில் குடியிருப்பவர்கள்கூட இந்த இரண்டாவது ஆற்றைப் பார்த்திருக்க மாட்டார்கள். நகர எல்லைக்குள் அதன் கடைசித் திறந்த பகுதியையும் 1912-இல் மூடிவிட்டார்கள். மேலே தெரு, கீழே குழாய்.

ஆறு பெரியதில்லை. நீளம் சுமார் 35 கிலோமீட்டர். வெர்சாய்க்குத் தெற்கே கியாங்கூர் என்ற ஊரில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 130 மீட்டர் உயரத்தில் பிறக்கிறது. செய்ன் கரை வரை சுமார் 100 மீட்டர் இறங்குகிறது. ஆந்தொனி என்ற ஊர்வரை பெரும்பாலும் வெட்டவெளியில் ஓடி, அதற்குக் கீழே கான்கிரீட்டுக்குள் நுழைகிறது. இங்கே சொல்லப்போவது, இந்த ஆற்றைத் தலையிலிருந்து வால்வரை நடந்தே தொடர்வது எப்படி என்பது. பிரெஞ்சு நிலப்படம் படித்துப் பழக்கமில்லாதவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

பலர் பாரிஸ் முனையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். மெட்ரோ பக்கத்தில் இருப்பதுதான் காரணம். அது வேண்டாம். நகரத்தில் உங்கள் கண்ணுக்குத் தண்ணீர் படாது. தெருவின் சரிவையும் பெயர்ப்பலகையையும் வைத்துத்தான் ஆறு போன வழியை ஊகிக்க வேண்டும். மேலே திறந்த பள்ளத்தாக்கில் இரண்டு நாள் நடந்து, ஆறு எந்த மேட்டைச் சுற்றுகிறது, எங்கே மெதுவாகிறது என்று பார்த்துவிட்டு வந்தால் அந்த ஊகம் எளிது. ஊற்றிலிருந்தே தொடங்குங்கள். ஒரே நாளில் முடிக்கவும் பார்க்காதீர்கள். நான்கு துண்டாகப் பிரித்துக்கொள்வதே வசதி.

முதல் வேலை: படத்தில் ஆற்றைப் பிடிப்பது

பிரான்சின் தேசிய நிலப்பட நிறுவனமான ஐ.ஜி.என். நடத்தும் ஜியோபோர்ட்டாய் தளத்தைத் திறந்து, கியாங்கூரில் உள்ள பூவியே என்ற குக்கிராமத்தைத் தேடுங்கள். நிலப்பட அடுக்கைத் தேர்ந்தெடுத்தால் மெல்லிய நீலக்கோடு ஒன்று அங்கிருந்து கிளம்புவது தெரியும். அதை விரலால் தொடருங்கள். முதலில் கிழக்கும் வடகிழக்குமாக பியூக், ஜூயி-ஆன்-ஜோசா, பியேவ்ர் ஆகிய ஊர்களைத் தாண்டும். (ஆற்றின் பெயரிலேயே ஊரும் உண்டு, எழுதும்போது ஊர்ப்பெயரின் கடைசியில் ஓர் எஸ் கூடும், உச்சரிப்பு ஒன்றுதான்.) பிறகு தென்கிழக்காக வளைந்து இன்யி, மாசி. ஆந்தொனியில் திடீரென்று வடக்கே திரும்பி நேராக பாரிசைப் பார்த்து ஓடும். மொத்த வடிவம் ஒரு தூண்டில் முள்.

அடுத்து, பழுப்பு நிறத்தில் இருக்கும் சம உயரக்கோடுகளைக் கவனியுங்கள். அவை நெருங்கியிருந்தால் செங்குத்துச் சரிவு, விலகியிருந்தால் தட்டை நிலம். மேல்பகுதியில் ஆற்றின் இருபுறமும் கோடுகள் நெருங்கிக் கிடக்கும். வடக்கே வெலிசி மேட்டுநிலம், தெற்கே சாக்லே மேட்டுநிலம். இரண்டுக்கும் நடுவில் ஆறு. மேட்டின் தலையில் களிமண்ணும் மெலியேர் என்ற ஓட்டை ஓட்டையான துருநிறக் கல்லும் இருக்கின்றன. பாரிஸ் புறநகரின் பழைய வீட்டுச் சுவர்களில் அந்தக் கல்லை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கீழே, சரிவு முழுக்க ஃபோந்தென்புளோ மணல். அடியில் மறுபடி களிமண்ணும் சுண்ணக்களியும். மணலில் இறங்கிய மழைநீர் அடிக்களிமண்ணைத் தாண்ட முடியாமல் பக்கவாட்டில் ஊற்றாக வெளிவருகிறது. இவ்வளவு சிறிய ஆற்றுக்கு இத்தனை ஊற்றும் குளமும் ஓடையும் இருப்பது அதனால்தான்.

ஐ.ஜி.என்.னுக்கே 'ரெமோந்தே லெ தான்' என்று இன்னொரு தளம் இருக்கிறது. பழைய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிடலாம். 18-ஆம் நூற்றாண்டின் கசீனி படம், 19-ஆம் நூற்றாண்டின் ராணுவப் படம் இரண்டிலும் பாரிசை ஒட்டிய ஜான்தீயி ஊர், பாரிசின் 13-ஆம் வட்டாரம் ஆகியவற்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே ஒன்றுக்கு இரண்டாக நீலக்கோடு இருக்கும். பிழை அல்ல. ஆலைகளின் சக்கரத்தைச் சுற்றவைக்கத் தண்ணீரை உயரத்தில் தாங்கிப் பிடித்த வாய்க்கால் ஒன்று. அதை 'உயிருள்ள கிளை' என்பார்கள். பள்ளத்தின் அடியில் மிச்ச நீரை வாங்கிக்கொண்ட பழைய படுகை மற்றது. அது 'செத்த கிளை'. இந்த இரட்டைக்கோட்டைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் துண்டில் தேவைப்படும்.

கையில் என்ன வேண்டும்

அதிகமில்லை. சேறு தாங்கும் செருப்பு அல்ல, சேறு தாங்கும் ஷூ. தண்ணீர், சாப்பாடு; ஞாயிறு பிற்பகலில் சின்ன ஊர்களில் கடை திறந்திருக்கும் என்று நம்ப வேண்டாம். மேல்பகுதி காட்டுவழி என்பதால் வசந்தத்திலும் கோடையிலும் உண்ணிகள் உண்டு. பேன்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் பாருங்கள். இதை விளையாட்டாக எடுக்க வேண்டாம். உண்ணி கடித்து வரும் லைம் நோய் இந்தக் காடுகளிலும் பரவுகிறது.

மரத்திலும் கம்பத்திலும் வண்ணப் பட்டைகள் இருக்கும். வெள்ளைக்குக் கீழே சிவப்பு என்றால் நெடுந்தூரப் பாதை, மஞ்சள் ஒற்றைப்பட்டை என்றால் உள்ளூர்ப் பாதை. அதே வண்ணத்தில் பெருக்கல் குறி போட்டிருந்தால் அந்தப் பக்கம் போகாதே என்று பொருள். பட்டைகள் எல்லா இடத்திலும் ஆற்றோடு வருவதில்லை. சந்தேகம் வந்தால் பட்டையை விட்டுவிட்டு, நீலக்கோட்டை நம்புங்கள்.

முதல் துண்டு: பூவியேயிலிருந்து ஜூயி வரை

சேன்-காந்தேன்-ஆன்-இவ்லீன் ரயில் நிலையத்தில் இறங்கி, பூவியே பக்கம் போகும் பஸ் பிடியுங்கள். ரெனோ கார் நிறுவனத்தின் பெரிய தொழில்நுட்ப மையம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அடையாளத்துக்கு அது போதும்.

ஊற்று என்றதும் பாறையிடுக்கில் பீறிடும் தண்ணீரை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். ஈரமான ஒரு பள்ளம், ஒரு வாய்க்கால் அளவு நீர், அவ்வளவே. ஐந்து நிமிடத்துக்கு மேல் அங்கே வேலையில்லை. கிழக்கே நடக்கத் தொடங்குங்கள். கொஞ்ச தூரத்தில் வெர்சாய் அரசுக் காட்டுக்குள் மினியேர் குளங்கள் வரும். ஆறு அங்கேதான் முதன்முதலாக ஆறு மாதிரி தெரிகிறது.

இந்தக் குளங்களின் கதை வெர்சாய் அரண்மனையோடு கட்டப்பட்டது. பதினான்காம் லூயிக்கு நீரூற்றுகள் மேல் தீராத ஆசை. அரண்மனை இருக்குமிடமோ தண்ணீர் இல்லாத மேடு. 1660-களில் காற்றாலைகளை வைத்து பியேவ்ர் தண்ணீரைச் சாத்தோரி மேட்டின்மேல் ஏற்றிப் பார்த்தார்கள். போதவில்லை. பிறகு சாக்லே மேட்டுநிலத்தில் மழைநீரைக் குளங்களில் தேக்கி, அங்கிருந்து இந்தப் பள்ளத்தாக்கைத் தாண்டி வெர்சாய்க்குக் கொண்டுபோக ஒரு பாலம் கட்டினார்கள். அதுதான் பியூக் ஊரில் நிற்கும் நீர்ப்பாலம்: 1684 முதல் 1686 வரை கட்டியது, 19 வளைவுகள், சுமார் 45 மீட்டர் உயரம். கீழே உண்மையான ஆறு ஒரு தாவலில் தாண்டும் அகலத்தில் ஓடிக்கொண்டிருக்க, மேலே அரசனின் தண்ணீர் அதைக் கடந்து போனது. பாலத்தின் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். பள்ளத்தாக்கு எவ்வளவு ஆழம் என்பது படத்தின் கோடுகளைவிட இங்கேதான் உறைக்கும்.

பியூக்கிலிருந்து ஜூயி வரை சரிவின் அடிவாரத்தோடு போகும் எளிய நடை. மொத்தம் ஒரு அரைநாள் போதும், ஆனால் ஜூயியில் மீதி அரைநாளைக் கழிக்க வேண்டியிருக்கும்.

ஜூயியில் ஏன் நிற்க வேண்டும்

இந்த ஆற்றங்கரையில் தமிழருக்கு உண்மையிலேயே தொடர்புள்ள இடம் இது.

17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்தும் இந்தியாவின் பிற துறைமுகங்களிலிருந்தும் வண்ணப் பருத்தித் துணிகள் பிரான்சுக்குக் கப்பலில் வந்து இறங்கின. பூவும் கொடியும் எழுதிய துணி. துவைத்தால் சாயம் போகாது. ஐரோப்பியர்களுக்கு அது அதிசயம். அவர்களுடைய அச்சுத்துணி ஒரு துவைப்பில் வெளுத்துவிடும். பாரிஸ் சீமாட்டிகள் பட்டுத்துணியையும் கம்பளியையும் விட்டு இதற்குத் தாவ, உள்ளூர் நெசவுக்காரர்கள் கூச்சல் போட, 1686-இல் அரசு இந்த 'இந்தியத் துணி'யை இறக்குமதி செய்யவும் உள்ளூரில் அச்சிடவும் தடை போட்டது. தடை 1759 வரை நீடித்தது. தடையிருந்த காலம் முழுக்கக் கள்ளத்தனமாக அதையே உடுத்தினார்கள் என்பது வேறு விஷயம்.

சாயம் ஏன் போகவில்லை? நம் ஊர்ச் சாயக்காரர்களின் கையில் இருந்த சூட்சுமம் படிகாரம். துணியில் படிகாரக் கரைசலால் கோலத்தை எழுதிவிட்டு, பிறகு சாயவேர்த் தொட்டியில் முக்கினால், படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும். இந்த வித்தையைத் தெரிந்துகொள்ள பிரெஞ்சுக்காரர்கள் பெரும்பாடு பட்டார்கள். 1734 வாக்கில் பொலியூ என்ற கடற்படை அதிகாரி புதுச்சேரியில் சாயமிடும் ஒவ்வொரு கட்டத்தையும் எழுதி, கட்டத்துக்கு ஒரு துணித் துண்டையும் சேர்த்து அனுப்பினார். சோழமண்டலக் கரையில் இருந்த கேர்தூ என்ற ஏசுசபைப் பாதிரியாரும் 1742-இல் இதே முறையை விரிவாகக் கடிதமாக எழுதினார். சொல்லிக் கொடுத்த சாயக்காரர்களின் பெயர் பரவலாகத் தெரியவில்லை. எழுதிக்கொண்டு போனவர்களின் பெயர்தான் நிற்கிறது.

தடை நீங்கிய மறுவருடம், 1760-இல், 22 வயதுகூட நிரம்பாத ஒபெர்காம்ப் என்ற ஜெர்மானிய இளைஞர் இந்த ஜூயி கிராமத்தில் அச்சுக்கூடம் போட்டார். ஏன் ஜூயி? இங்கே நின்று சுற்றிப் பார்த்தால் விடை தெரியும். ஐரோப்பாவில் சாயவேருக்குப் பதில் மஞ்சிட்டி என்ற சிவப்புச் சாயம் தரும் செடி. மஞ்சிட்டித் தொட்டியிலிருந்து எடுத்த துணியில், கோலமில்லாத இடத்திலும் மங்கலாக நிறம் ஏறியிருக்கும். அதை ஓடுநீரில் மறுபடி மறுபடி அலசி, புல்வெளியில் விரித்து வெயிலில் வெளுக்க வேண்டும். ஓடுகிற சுத்தமான நீர், அதை ஒட்டித் தட்டையான புல்தரை, பக்கத்தில் வெர்சாய் அரசவை வாடிக்கையாளர்கள்: மூன்றும் இங்கே கிடைத்தன. கீழே பாரிசுக்குப் போனால் ஆறு ஏற்கெனவே அழுக்கு.

மர அச்சில் தொடங்கி, 1770-இல் செப்புத்தகடு, 1797-இல் செப்பு உருளை என்று தொழில் வளர்ந்தது. 1783-இல் அரச அங்கீகாரம். 1806-இல் நெப்போலியன் நேரில் வந்து ஒபெர்காம்புக்கு லெஜியோன் தொனேர் பதக்கம் கொடுத்தார். 1843-இல் எல்லாம் மூடப்பட்டது. வெள்ளைத் துணியில் ஒற்றை நிறத்தில் ஆடுமேய்க்கும் பெண்ணும் ஊஞ்சலும் இருக்கும் திரைச்சீலையை பிரெஞ்சு வீடுகளில் பார்த்திருப்பீர்களே, அதற்கு 'துவால் தெ ஜூயி' என்ற பெயர் இந்த ஊரால் வந்தது. ஊரில் எக்லான்தீன் மாளிகையில் இதற்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. ஆடுமேய்க்கும் பெண்களைக் கடந்துபோய், பழைய பூக்கொடித் துணிகளின் முன் நில்லுங்கள். வடிவங்கள் எங்கிருந்து வந்தன என்று யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் துண்டு: ஜூயியிலிருந்து இன்யி வரை

வெர்சாய்-ஷான்தியே நிலையத்தையும் மாசி-பலேசோ நிலையத்தையும் இணைக்கும் ரயில்பாதை இந்தப் பள்ளத்தாக்கிலேயே ஓடுகிறது. பெத்தி ஜூயி, ஜூயி-ஆன்-ஜோசா, வோபுவாயான், பியேவ்ர், இன்யி என்று வரிசையாக நிலையங்கள். இந்தத் துண்டின் பெரிய வசதி இதுதான்: கால் வலித்தால் அடுத்த நிலையத்தில் ஏறிவிடலாம். இந்தப் பாதையில் தட எழுத்துகளும் அட்டவணைகளும் மாறி வருகின்றன. அதனால் செயலியில் தடத்தின் எழுத்தை வைத்துத் தேடாமல் நிலையத்தின் பெயரை வைத்துத் தேடுங்கள்.

பியேவ்ர் ஊருக்கு அருகே ரோஷ் மாளிகை வரும். 1830-களில் பத்திரிகை அதிபர் பெர்தேனின் விருந்தாளியாக எழுத்தாளர் விக்தோர் ஹியூகோ குடும்பத்தோடு வந்து தங்கிய இடம். மனைவி மக்கள் மாளிகையில். காதலி ஜூலியெத் த்ருவேயை ஜூயிப் பக்கம் மெத்ஸ் என்ற இடத்தில் ஒரு சின்ன வீட்டில் குடிவைத்துவிட்டு, காட்டுவழியே நடந்துபோய்ப் பார்த்துவருவாராம். நீங்கள் நடப்பதும் கிட்டத்தட்ட அதே காட்டுவழிதான். புகைப்படத்தில் ஆர்வம் உள்ளவர்கள் பியேவ்ர் ஊரின் புகைப்பட அருங்காட்சியகம் திறந்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பியேவ்ர் ஊரைத் தாண்டும்போது சிக்ரி ஓடையும், இன்யி அருகே வோஅலான் ஓடையும் வந்து சேரும். சேருமிடங்களைத் தேடிப் பிடித்துப் பாருங்கள். இரண்டு மேட்டுநிலத்தின் கூரைகளிலும் கார் நிறுத்தங்களிலும் விழும் மழை இந்த ஓடைகள் வழியாகத்தான் வேகமாக இறங்குகிறது. கனமழைக்குப் பிறகு சில மணி நேரத்தில் ஆற்றின் முகமே மாறிவிடும். வழியில் காணும் பெரிய புல் பள்ளங்கள் பல, வெள்ளநீரைத் தேக்கிவைத்து மெதுவாக விடும் வெள்ளத்தாங்கிகள். மதகுகளையும் அளவுகோல்களையும் கவனியுங்கள். மழை எச்சரிக்கை உள்ள நாளில் இந்தத் துண்டுக்கு வரவே வேண்டாம்.

மூன்றாம் துண்டு: ஆந்தொனிக்குக் கீழே, ரயிலில் தாவித் தாவி

மாசியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அடுக்குமாடிகளுக்கும் சாலைகளுக்கும் நடுவே ஆறு அடக்கி வாசிக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை மட்டும். மாசியிலிருந்து பாரிசுக்கு 'கூலே வெர்த்' என்று அழகான பசுமைப்பாதை ஒன்று போகிறது. ஆற்றுப்பாதை என்று நினைத்துப் பலர் அதில் இறங்கிவிடுகிறார்கள். அது அதிவேக ரயில் தடத்தின் மேலே போகும் பாதை. ஆற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆந்தொனியில் ஆற்றுக்குக் கடைசிப் பெரிய திறந்தவெளி: வெள்ளத்தாங்கியாக வெட்டிய குளம், இப்போது பறவைகளுக்கான காப்பிடம். அதற்குக் கீழே ஆறு கான்கிரீட்டுக்குள் போகிறது. அழுக்கும் நாற்றமும் நோயும் காரணம் காட்டி, 19-ஆம் நூற்றாண்டின் பின்பகுதியிலிருந்து 1950-கள் வரை படிப்படியாக மூடினார்கள்.

இங்கிருந்து தொடர்ந்து நடப்பதில் பயனில்லை. ஆர்.இ.ஆர். பி ரயில் கிட்டத்தட்ட ஆற்றின் வழியே பாரிசுக்குப் போகிறது. இறங்கி ஏறிப் பாருங்கள். அண்மைக் காலத்தில் சில இடங்களில் மூடியைத் திறந்திருக்கிறார்கள். ஃப்ரேன் ஊரில் பிரே பூங்கா, 2003. லாயி-லே-ரோஸ், 2016, வீடுகளுக்கு நடுவே அறுநூறு மீட்டருக்குச் சற்று மேல். ஆர்க்கேய்க்கும் ஜான்தீயிக்கும் நடுவே கொத்தோ தெ பியேவ்ர் பூங்கா, 2022. இந்த மூன்றில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் கடைசியதைத் தேர்ந்தெடுங்கள். லாப்லாஸ் அல்லது ஜான்தீயி நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். திறப்பது என்றால் மூடியைப் பெயர்ப்பது மட்டுமல்ல. பல பத்தாண்டுகளாக அந்தக் குழாயோடு வீட்டுச் சாக்கடைகள் தவறாக இணைக்கப்பட்டிருக்கும்; ஒவ்வொன்றையும் கண்டுபிடித்துப் பிரிக்காமல் ஆற்றை வெளியே காட்ட முடியாது.

ஆர்க்கேய்-கஷான் நிலையத்தில் இறங்கினால் பள்ளத்தாக்கின் குறுக்கே நீர்ப்பாலம் தெரியும். பியூக்கில் ஒற்றைப்பாலம், இங்கே ஒன்றின் தலையில் ஒன்று: கீழே அரசி மரி தெ மெதிசி காலத்தில், 1613-இல் தொடங்கியது, அதன் முதுகில் 19-ஆம் நூற்றாண்டில் பெல்கிரான் என்ற பொறியாளர் கட்டியது. ரோமானியர்களும் இதே இடத்தில்தான் ஆற்றைக் கடந்து தண்ணீர் கொண்டுபோனார்கள்.

நான்காம் துண்டு: பாரிசுக்குள், தண்ணீரில்லாமல்

டிராம் 3-ஏ தடத்தில் பொத்தெர்ன் தே பெப்ளியே நிறுத்தம். ஆறு நகரத்துக்குள் நுழைந்த வாசல் இது. கைப்பேசியில் அந்த இரட்டைக்கோட்டுப் படத்தைத் திறந்துகொள்ளுங்கள். இனி மூன்று தடயங்கள்தான்.

ஒன்று, சரிவு. மேற்கே மோன்சூரி மேடு, கிழக்கே புயூத்-ஓ-காய் மேடு, நடுவே தாழ்வு. மெட்ரோ 6-ஆம் தடம் கோர்விசார், கிளாசியேர் பக்கம் ஏன் பாலத்தின் மேலே ஓடுகிறது என்று யோசித்தால், பியேவ்ர் பள்ளத்தாக்கைத் தாண்டத்தான். இரண்டு, பெயர்கள். மூலேன் தே பிரே தெரு என்றால் புல்வெளி ஆலைத் தெரு. தான்ரி தெரு, தோல் பதனிட்ட தெரு. கிளாசியேர், குளிர்காலத்தில் ஆற்றோரக் குளங்களில் பனிக்கட்டி வெட்டிச் சேமித்த இடம். மூன்று, தரையில் ஆங்காங்கே பதித்திருக்கும் வட்ட உலோக வில்லைகள். ஆறு ஓடிய இடத்தை அவை குறிக்கின்றன. தேடுவதில் குழந்தைகளைவிட யாரும் கெட்டிக்காரர்கள் இல்லை.

கோர்விசாரிலிருந்து ரெனே-லெ-கால் சதுக்கத்துக்கு இறங்குங்கள். சுற்றுத் தெருக்களைவிட இந்தப் பூங்கா தாழ்ந்து கிடக்கும். இரண்டு கிளைகளுக்கு நடுவே தீவாக இருந்த நிலம். அதை ஒட்டி வளைந்து போகும் பெர்பியே-து-மெ தெரு, ஆற்றின் மேல் போட்ட தெருவேதான். அதனால்தான் அந்த வளைவு. ஒரு பக்கத்தில் கோபெலான் திரைச்சீலை நெசவுக்கூடத்தின் பின்சுவர். 15-ஆம் நூற்றாண்டில் கோபெலான் குடும்பத்தார் இங்கே சாயப்பட்டறை வைத்தார்கள். 1662-இல் பதினான்காம் லூயியின் அமைச்சர் கொல்பேர் அதை அரச நெசவுக்கூடமாக்கினார். சாயக்காரர்கள், தோல் பதனிடுவோர், சலவைப் பெண்கள் என எல்லோரும் ஒரே தண்ணீரை நம்பியிருந்தார்கள். மேலே ஒருவர் கொட்டியதைக் கீழே மற்றவர் மொண்டார். இந்த ஆற்றின் சீற்றமும் சாதாரணமல்ல: 1579-இல் வந்த வெள்ளத்தை 'சேன்-மார்செல் பிரளயம்' என்றே சரித்திரத்தில் குறித்திருக்கிறார்கள்.

அங்கிருந்து சேன்-மெதார் தேவாலயத்தின் அடிவாரம், ஜொஃப்ருவா-சேன்-இலேர் தெரு, புயுஃபோன் தெரு, ஓஸ்தெர்லிட்ஸ் நிலையம். தாவரத் தோட்டத்தை ஒட்டிப் போகும்போது ஒரு தகவல்: புதுச்சேரிச் சாயமுறையை எழுதிய பொலியூவின் கையெழுத்துப் பிரதி, துணித் துண்டுகளோடு, அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் நூலகத்தில்தான் இருக்கிறது.

ஓஸ்தெர்லிட்ஸ் பாலத்தருகே கரையில் நின்று ஆறு கலக்குமிடத்தைத் தேட வேண்டாம். பியேவ்ர் தண்ணீர் இப்போது நகரக் கழிவுநீர்க் குழாய்களோடு சேர்ந்து சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அந்தச் சுரங்கக் குழாய்களில் இறங்க வழி சொல்கிறேன் என்பவர்களை நம்பிப் போகாதீர்கள். தடை செய்யப்பட்ட இடம், மழை வந்தால் ஆபத்தும்கூட. ஆசைப்பட்டால் ஆல்மா பாலத்தருகே கழிவுநீர் அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் எடுத்துப் போகலாம்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். நோத்ர்-தாம் எதிரே, 5-ஆம் வட்டாரத்தில் 'பியேவ்ர் தெரு' என்றே ஒரு குறுந்தெரு இருக்கிறது. குடியரசுத் தலைவர் மித்தெரான் வாழ்ந்த தெரு. ஆற்றின் இயற்கையான முகத்துவாரம் அதுவல்ல. 12-ஆம் நூற்றாண்டில் சேன்-விக்தோர் மடத்துத் துறவிகள் தங்கள் நிலத்துக்கும் ஆலைக்கும் தண்ணீர் வேண்டி வெட்டிய கால்வாய் செய்னில் கலந்த இடம். ஓஸ்தெர்லிட்ஸிலிருந்து கரையோடு இருபது நிமிட நடை. திரும்பிப் போக மெட்ரோ 10, மொபேர்-மியூத்யுவாலித்தே நிலையம்.